ஐந்தாவது படத்தில் நின்ற மாடு

எங்கள் ஊர்ச் சதுப்புக்காட்டின் பார்வையாளர் மையத்தில் ஐந்து படங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. ஐந்தாவது படத்தில், ஈர மண்ணில் வளரும் ஆல்டர் மரங்களுக்குக் கீழே, கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கிறது. வருகிறவர்கள் கேட்பது அதைப் பற்றித்தான். ஏதோ குழந்தை கிழித்துவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். சரிசெய்யக் கூடாதா என்று ஒரு அம்மாள் என்னிடம் சற்றுக் கோபமாகவே கேட்டார். நான் அவர்களுக்குச் சொல்லும் பதில் சின்னது. முழுப் பதில் என்பது ஃபென்னா ஹாவர்காம்ப் என்கிற பள்ளி ஆசிரியையின் வாழ்க்கை. போன இலையுதிர் காலத்தில் அவர் இறந்துபோனார்.

மெப்பல் நகரத்தில் பெயின்ட் கடை வைத்திருந்தவரின் மகள் ஃபென்னா. பயிற்சி முடித்த கையோடு எங்கள் ஊர்ப் பள்ளிக்கு வேலைக்கு வந்தார். எங்கள் ஊரில் தெரு என்பது ஒரு கால்வாய். கால்வாயின் இரண்டு பக்கமும் வீடுகள், வீடுகளுக்குப் பின்னால் நீளநீளமான குழிகள். எங்கள் முப்பாட்டன்மார் அடுப்புக்காகக் கரிமண்ணை வெட்டி எடுத்த குழிகள் அவை. வெட்டிய இடமெல்லாம் தண்ணீர் நின்றது. அந்தத் தண்ணீரின் மேல் நாணல் வளர்ந்தது. ஊரே நாணல் அறுத்துக் கூரைக்கு விற்றுப் பிழைத்தது. புதிதாக வந்த ஆசிரியைக்குப் படகு தள்ளத் தெரியவில்லை. முதல் வாரம் கம்பு ஒரு பக்கமும் படகு ஒரு பக்கமுமாகப் போக, பிள்ளைகள் பாலத்தில் நின்று கைதட்டினார்கள்.

"யுஃப், படகு அந்தப் பக்கம் போகுது! நீங்க இந்தப் பக்கம் போறீங்க!"

ஆசிரியையைப் பிள்ளைகள் யுஃப் என்றுதான் கூப்பிடும். ஃபென்னா கடைசி வரை ஊருக்கே யுஃப்பாக இருந்தார். என் அப்பாவும் அவரை அப்படித்தான் அழைத்தார்.

அந்தக் காலத்துப் பாடப்புத்தகத்தில் குளம் எப்படிக் காடாகிறது என்று ஒரு பாடம் இருந்தது. படம் தீப்பெட்டி அளவு. அதிலிருந்த குளமும் எங்கள் பக்கத்துக் குளம் இல்லை. அதைப் பார்த்த ஒரு பையன், "இது யார் ஊட்டுக் குழி, யுஃப்?" என்று கேட்டானாம். அந்த ஞாயிற்றுக்கிழமை யுஃப் தன் அப்பாவின் கடைக்குப் போய், விற்காமல் கிடந்த ஜன்னல் சுருள்திரைகளையும் டப்பாக்களின் அடியில் மிஞ்சிய பெயின்டையும் கொண்டுவந்தார். பள்ளிக்குப் பின்னால் இருந்த குழியையே ஐந்து திரைகளில் வரைந்தார்.

முதல் திரையில் வெறும் தண்ணீர், நீல வீட்டுப் பெயின்டில். இரண்டாவதில் அல்லி இலைகள். மூன்றாவதில் நண்டுக் கொடுக்கு போல விளிம்பெல்லாம் முள்ளாக நிற்கும் தண்ணீர்ச் செடி, அதன் மேல் கூடு கட்டிய கறுப்புப் பறவை. நான்காவதில் வேர்மெத்தை. நாணலின் வேர்கள் ஒன்றோடொன்று பின்னித் தண்ணீர் மேல் மிதக்கும் பாயை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். மேலே நின்றால் தரை போலவே இருக்கும், மிதித்தால் குலுங்கும், அடியில் தண்ணீர். ஐந்தாவதில் ஆல்டர் மரக்காடு.

திரைகளை ஒன்றன் முன் ஒன்றாகக் கரும்பலகைக்கு மேலே பொருத்தியிருந்தார். கயிற்றை இழுத்தால் ஒன்று இறங்கி முந்தையதை மூடும். தண்ணீர் அல்லிக்குள் மறையும், அல்லி முள்செடிக்குள் மறையும். பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். ஆனால் ஐந்தாவது இறங்கியபோது ஒருவரும் நம்பவில்லை.

"மரம் நின்னா தரையாயிடுமா, யுஃப்? அடியில தண்ணி இருக்குமே?"

அடுத்த நாள் ஐந்தாவது படத்தில் ஒரு மாடு நின்றது. கறுப்பு வெள்ளை மாடு, பெரிய மடி, ஒரு கொம்பு மட்டும் கோணல். தரை இறுகிவிட்டது என்று காட்ட அதைவிட நல்ல வழி அவருக்குத் தோன்றவில்லை. பிள்ளைகள் அதற்குக் க்ளாரா என்று பெயர் வைத்தார்கள். படம் இறங்கும்போதெல்லாம் "க்ளாரா வந்துட்டா!" என்று வகுப்பே கத்துமாம்.

பல்கலைக்கழகத்தில் இதற்குத் தாவர வழிமுறை வளர்ச்சி என்று பெயர். எங்கள் வீட்டில் முதலில் பல்கலைக்கழகம் போனவள் நான். அங்கேயும் திரையில் இதே படம்தான், பெட்டி பெட்டியாக, நடுவில் அம்புக்குறிகள். கடைசிப் பெட்டியில் மாட்டுக்குப் பதிலாக ஒரு மான். நான் அதைத் தேர்வுத்தாளில் அப்படியே வரைந்து நல்ல மதிப்பெண் வாங்கினேன். ஒரு அம்புக்குறிக்குள் எத்தனை ஆண்டுகள் அடைந்து கிடக்கின்றன என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

யுஃப் வந்த சில ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு மார்ச் மாதம். மார்ச் என்றால் எங்கள் பக்கத்தில் ஆள்காட்டிப் பறவையின் முட்டையைத் தேடும் காலம். புல்வெளியில் அந்த ஆண்டின் முதல் முட்டையைக் கண்டெடுப்பவன் பெயர் சுற்றுவட்டாரம் முழுக்கப் பேசப்படும். ஒன்பது வயதுப் பையன்களுக்கு அதைவிடப் பெரிய பெருமை கிடையாது. ரொட்டிக் கடைக்காரர் மகன் லுப்பெர்ட்டும், நாணல் அறுப்பவர் மகன் யான்னஸும் பள்ளி விட்டதும் முட்டை தேடி ஓடினார்கள். யான்னஸ் என் அப்பா. புல்வெளிக்குச் சுற்றுவழியாகப் போகாமல் பள்ளிக்குப் பின்னால் இருந்த குழியின் வேர்மெத்தை வழியாகக் குறுக்கே போனார்கள். மெத்தையில் ஓரிடத்தில் இளம் ஆல்டர் மரங்கள் முளைத்திருந்தன. அந்த இடத்தில் மெத்தை பிளந்து லுப்பெர்ட் உள்ளே போய்விட்டான். அப்பா ஓடிப்போய் ஆட்களைக் கூட்டிவந்தார். பலகைகளைப் போட்டுப் படுத்தபடி நகர்ந்து போய் அவனை எடுத்தார்கள். தண்ணீரில் இன்னும் பனியின் குளிர் போகாத மாதம் அது. எடுத்தபோது உயிர் இல்லை.

"வழுக்கிட்டான்" என்று மட்டும் அப்பா சொன்னார். ஊரும் அதற்குமேல் கேட்கவில்லை. தண்ணீர் ஊரில் தண்ணீர் ஒரு பிள்ளையை எடுத்துக்கொண்டால், தண்ணீர் எடுத்துக்கொண்டது என்பார்கள். பேச்சு அங்கே முடிந்துவிடும்.

யுஃப்புக்கு முடியவில்லை. முந்தின நாள்தான் வகுப்பில் லுப்பெர்ட் எழுந்து கேட்டிருந்தான். "யுஃப், க்ளாரா உள்ள போயிட மாட்டாளா?" அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். "போக மாட்டா. ஆல்டர் மரம் வந்துட்டா தரை வந்துட்டதுன்னு அர்த்தம்." அவன் அந்த வார்த்தையை நம்பித்தான் காலை வைத்தானா? இல்லை, முட்டை ஆசையில் கண்ணை மூடிக்கொண்டு ஓடினானா? பதில் தெரிந்த ஒரே ஆள் வகுப்பில் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஒன்பது வயதுப் பையனைக் கூப்பிட்டு அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. பையன் வளர்ந்தான், மீசை முளைத்தது, கல்யாணம் ஆனது, நான் பிறந்தேன். அப்போதும் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் அவர் கத்தரிக்கோலோடு வகுப்புக்கு வந்தாராம். பிள்ளைகள் முன்னால் ஐந்தாவது திரையை இறக்கி மாட்டை வெட்டி எடுத்தார். பிறகு நடுவில் இருந்த மூன்று திரைகளையும் மேலே சுருட்டிவிட்டு முதல் திரையை மட்டும் பின்னால் இறக்கினார். காட்டில் விழுந்த ஓட்டை வழியாக முதல் படத்தின் நீலத் தண்ணீர் தெரிந்தது.

அதன் பிறகு அவர் வேலை பார்த்த காலமெல்லாம் பாடம் அப்படித்தான் முடிந்தது. ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து போய் ஓட்டையில் கையை விட வேண்டும்.

"என்ன இருக்கு?"

"தண்ணி, யுஃப்."

"அப்போ?"

"மிதிக்கக் கூடாது, யுஃப்."

நானும் கை விட்டிருக்கிறேன். துணியின் விளிம்பு பல கைகள் பட்டு எண்ணெய் பிசுக்கேறி வழவழப்பாக இருந்தது. அங்கே முன்பு ஏதோ இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. எங்கள் வகுப்புக்கு அது எப்போதுமே ஓட்டைதான்.

அவர் மெப்பலுக்குத் திரும்பிப் போயிருக்கலாம். அப்பாவின் கடை இருந்தது, பெண் கேட்டும் வந்தார்கள் என்று சொல்வார்கள். போகவில்லை. சனிக்கிழமைதோறும் லுப்பெர்ட்டின் அப்பா கடையிலேயே ரொட்டி வாங்கினார். அவர் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார், இவர் வாங்கிக்கொள்வார். வானிலையைத் தவிர இருவரும் வேறெதுவும் பேசியதில்லை. மார்ச் வந்தால் யுஃப்பே பிள்ளைகளை வரிசையாகச் சுற்றுவழியில் புல்வெளிக்குக் கூட்டிப்போவார். போய்ச் சேர்வதற்குள் பக்கத்து ஊர்ப் பையன்கள் தேடி முடித்துவிட்டுச் சாவகாசமாக வேலியில் உட்கார்ந்திருப்பார்கள். "வாத்துங்க வந்துடுச்சு!" என்று கத்துவார்கள். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் ஒருவரும் முதல் முட்டையைக் கண்டெடுத்ததே இல்லை. அதற்காக அவரைத் திட்டாத வீடும் எங்கள் ஊரில் இல்லை.

அவர் ஓய்வுபெற்றார். பிள்ளைகள் குறைந்து பள்ளியும் மூடப்பட்டது. திரைகள் சுருண்டபடியே மையத்தின் கிடங்குக்கு வந்து சேர்ந்தன. யுஃப் ஸ்டேன்வைக் நகரத்து முதியோர் குடியிருப்பில் ஒரு அறைக்குப் போனார். நான் படித்து முடித்து அதே மையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன்.

அங்கே எங்கள் மேலாளர் டீடெரிக். தெற்கே பெரிய நகரத்திலிருந்து வந்தவர், நல்ல மனிதர், எதையும் அழகாகச் செய்ய வேண்டும் என்று துடிப்பவர். துணிகள் தொட்டால் உதிரும் நிலையில் இருந்ததால் அவற்றைப் படமெடுத்துப் புதிதாக அச்சிட ஏற்பாடு செய்தார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"ஹெர்மின், ஓடி வா! அந்த ஓட்டையில என்ன இருந்ததுன்னு கண்டுபிடிச்சுட்டோம்."

"என்ன?"

"மாடு!"

பழைய வகுப்புப் புகைப்படம் ஒன்று கிடைத்திருக்கிறது. பிள்ளைகளுக்குப் பின்னால் ஐந்தாவது திரை முழுசாகத் தொங்குகிறது. அதைப் பார்த்து வரைகலைக்காரர் மாட்டைத் திரும்ப வரைந்து ஓட்டையை மூடிவிட்டார். ஒட்டே தெரியவில்லை. கோணல் கொம்புகூட அப்படியே.

"யாரோ போக்கிரி கிழிச்சிருக்கான். பரவால்ல, சரி பண்ணியாச்சு. பசங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க பாரு. வரைஞ்சவங்க இன்னும் உயிரோட இருக்காங்களாமே? காட்டி ஒரு வார்த்தை அனுமதி வாங்கிட்டு வந்துடு."

ஐந்து அச்சுப்பிரதிகளையும் சுருட்டி எடுத்துக்கொண்டு போனேன். யுஃப் காப்பி ஊற்றினார். பிஸ்கட் டப்பாவைத் திறந்து நீட்டினார். நான் ஒன்று எடுத்ததும் டக்கென்று மூடினார். ஒரு காப்பிக்கு ஒரு பிஸ்கட். வயதானாலும் அதில் மாற்றமில்லை. பிரதிகளை மேஜையில் விரித்தேன். முதல் நான்கையும் ரசித்துப் பார்த்தார். "இந்தப் பச்சை எங்கப்பா கடையில ஒருத்தனும் வாங்காத பச்சை" என்று சிரித்தார். ஐந்தாவதை விரித்ததும் சிரிப்பு நின்றது.

கையை நீட்டி மாட்டின் மேல் வைத்தார். ஓட்டையைத் தேடுவது போல விரல்கள் தாளை அழுத்தின. தாள் வழுவழுவென்று மூடியிருந்தது.

"இவ எப்படித் திரும்பி வந்தா?" என்றார்.

புகைப்படத்தைப் பற்றிச் சொன்னேன். அப்போதுதான் அவர் எல்லாவற்றையும் சொன்னார். லுப்பெர்ட் கேட்ட கேள்வி, தான் சொன்ன பதில், கத்தரிக்கோல். சொல்லி முடித்துவிட்டு அழவில்லை. மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கப்பா நல்லா இருக்கானா?"

"இருக்காரு, யுஃப்."

"வரச் சொல்லு. எனக்கு இனிமே ரொம்ப மார்ச் இல்ல."

நான் வீட்டுக்குப் போனபோது அப்பா கொட்டகையில் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, யுஃப் ஃபென்னா உங்களப் பாக்கணுமாம்."

"எதுக்கு? வீட்டுப்பாடம் பாக்கி இருக்குதாமா?"

"அந்த அஞ்சாவது படத்துல மாடு இருந்துச்சாமே. அதப் பாத்துட்டுதான் கேட்டாங்க."

தீட்டும் சத்தம் நின்றது. அரிவாளைச் சுவரில் மாட்டினார். கையைக் கழுவினார், சோப்புப் போட்டு மறுபடியும் கழுவினார். சர்ச்சுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து, "இப்பவே போலாம். நாளைக்குன்னா நான் வரமாட்டேன்" என்றார்.

யுஃப்பின் அறையில் அப்பா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். அவருடைய கைகள் பெரியவை. காப்பிக் கோப்பையை அவற்றுக்குள் காணவில்லை. ஊரில் கால்வாயில் யுஃப் எதிரே வந்தால் தொப்பியைத் தொட்டுவிட்டுப் படகை வேகமாகத் தள்ளிக்கொண்டு போகிறவர். இத்தனை ஆண்டுகளில் இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை என்று நினைக்கிறேன். மேஜையில் ஐந்தாவது பிரதி விரிந்து கிடந்தது.

"யான்னஸ், நான் ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றார் யுஃப்.

"தெரியும், யுஃப்."

"பொய் சொல்லக் கூடாது."

அப்பா மாட்டைப் பார்த்தபடியே பேசினார்.

"சுத்திப் போனா பக்கத்து ஊர்ப் பசங்க முந்திடுவாங்கன்னு குறுக்க போனோம். நாணல் அடர்த்தியா இருக்கற எடத்துல மட்டும் கால் வைடா, நாணல் தாங்கும், மரம் இழுக்கும்னு எங்கப்பா சொல்லியிருக்காரு. நான் நாணல் பக்கம் வாடான்னேன். அவன் மரத்தக் காட்டினான். 'யுஃப் படத்துல அங்க க்ளாராவே நிக்கிறா. நீ என்ன க்ளாராவ விட குண்டா?'ன்னான்."

யுஃப் கண்ணை மூடிக்கொண்டார். "அப்படியேவா சொன்னான்?"

"அப்படியேதான். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சிரிச்சுட்டு நானும் அவன் பின்னாடி போனேன். எங்கப்பா எழுதப் படிக்கத் தெரியாத ஆளு. நீங்க டீச்சர். யாரை நம்பறது? அவன் முன்னால போனான், அதனால அவன் போயிட்டான். நான் முன்னால போயிருந்தா..."

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"வழுக்கிட்டான்னு ஏன் சொன்னே?"

"சொன்னா உங்கள ஊரை விட்டு அனுப்பிடுவாங்கன்னு பயம். எங்களுக்கு உங்களப் பிடிக்கும், யுஃப்."

"அனுப்ப வேண்டியதில்ல. நானே போயிருப்பேன்."

"அதுவும் தெரியும்."

யுஃப் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எனக்கும் தெரியும், யான்னஸ். கேக்காம இருந்தேனே தவிர, தெரியாம இல்ல. கத்தரிச்ச அன்னைக்கு எல்லாப் பிள்ளையும் கை விட்டுச்சு. நீ ஒருத்தன் மட்டும் கையைப் பின்னால கட்டிக்கிட்டு நின்னே. நான் 'போய் உக்காரு'ன்னுட்டேன்."

அப்பா தலையை ஆட்டினார்.

பிறகு யுஃப் கேட்டார். "அந்தக் குழி இப்ப எப்படி இருக்கு? நான் பாத்தே வருஷக்கணக்காச்சு."

"குழியா? குழி ஏது? பூராவும் ஆல்டர் காடு. நல்லா இறுகிடுச்சு. இப்ப மாடே..."

அப்பா நாக்கைக் கடித்துக்கொண்டார். முகம் சிவந்துவிட்டது.

"சொல்லு."

"மாடே நிக்கலாம், யுஃப்."

யுஃப் படத்தைப் பார்த்தார். "அப்போ நான் வரைஞ்சது பொய் இல்ல" என்றார். அந்தக் குரலில் ஆறுதல் எதுவும் இல்லை. "உண்மைதான். ஆனா பையனோட வயசுக்குள்ள வராத உண்மை."

நான் படித்த படிப்பில் அதற்கு ஒரு சொல் இருக்குமா என்று அன்று முழுவதும் தேடினேன்; இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

"கத்தி வச்சிருக்கியா?" என்று அப்பாவைக் கேட்டார். நாணல்காரர் பையில் கத்தி இல்லாமல் இருக்குமா? "என் கை நடுங்குது. நீ வெட்டு."

அப்பா காப்பித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, மாட்டைச் சுற்றிக் கத்தியின் முனையை மெல்ல ஓட்டினார். கோணல் கொம்பில் மட்டும் நிறுத்தி நிதானமாகத் திருப்பினார். மாடு தனியாக வந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்திருந்தார். யுஃப் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

பின் ஐந்தாவது தாளைத் தூக்கித் தன் முகத்துக்கு முன்னால் பிடித்தார். "ஹெர்மின், முதல் படத்தைக் குடு" என்று வாங்கி அதையும் தாளுக்குப் பின்னால் சேர்த்துப் பிடித்தார். ஓட்டையில் நீலம் தெரிந்தது. தாள்களுக்குப் பின்னாலிருந்து, வகுப்பில் நான் கேட்ட அதே குரல் வந்தது.

"யான்னஸ். எழுந்து வா."

அறுபது வயதைத் தாண்டிய என் அப்பா எழுந்து, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மேஜையைச் சுற்றிப் போனார். கையைப் பின்னாலிருந்து முன்னால் கொண்டுவர அவருக்குச் சிறிது நேரம் ஆனது. அது குழந்தையின் கை இல்லை. ஓட்டையின் ஓரத்தில் தாள் லேசாகக் கிழிந்தது.

"என்ன இருக்கு?"

"தண்ணி, யுஃப்."

"அப்போ?"

யுஃப் காத்திருந்தார். அவர் எப்போதுமே பிள்ளைகளுக்காகக் காத்திருப்பவர்.

"மிதிக்கக் கூடாது, யுஃப்" என்று அப்பா சொன்னார். அதன் பிறகு கையை எடுக்கவில்லை. தாள்களுக்குப் பின்னால் யுஃப்பின் கைகளும் இறங்கவில்லை.

கிளம்பும்போதுதான் பார்த்தேன். மேஜையில் பிஸ்கட் டப்பா திறந்தே கிடந்தது. மூட அவர் மறந்துவிட்டிருந்தார்.